ஏழாம் பிரிவை வழிமொழிந்தவர்

2004 பெப்ரவரி 3, செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து ஒரே அளவு, ஒரே சத்தம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் கொப்பி கல்லூரி தந்தது, வேறு வேலைக்கு. பின்பக்கத்திலிருந்து திருட்டுத்தனமாக எழுதுகிறேன். எழுதிவைக்கும்படி எனக்கு எதுவும் நடப்பதில்லை என்பதும் தெரியும். ஆனால் கூட்டங்களில் வாய்க்குள்ளேயே நின்றுபோகிற வசனங்கள் எங்காவது போகவேண்டும். தமிழில் எழுதினால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் வாசிக்கமாட்டார். தமிழர் நிறைந்த கிங்ஸ்பரி பஸ்ஸில் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

கொப்பியின் முன்பக்கம்: அமெரிக்க அரசாங்கமும் அரசியலும், முக்கிய சொற்கள். ஹரோவில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஏ.எல். மாணவர்களுக்கான கல்லூரி. நான் அரசியல் பாடத்துக்கு உதவியாளர், கிழமைக்கு மூன்று நாள். பாட ஆசிரியை மிஸஸ் வ. சொன்னது: "வரைவிலக்கணம் பிள்ளைகளுக்கு மறந்துபோகும். ஒவ்வொரு சொல்லுக்கும் வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் எழுது." நாற்பது சொற்கள், நாற்பது அட்டைகள். அட்டையில் ஆங்கிலம். உண்மையான உதாரணம் இங்கே.

வீட்டோ. காங்கிரஸ் நிறைவேற்றியதை ஜனாதிபதி தனியாளாக மறுப்பது. உ-ம்: அம்மா, ரீவி ரிமோட்.

பிலிபஸ்டர். செனட்டில் வாக்கெடுப்பு வராமல் இருக்கப் பேசிக்கொண்டே இருப்பது. உ-ம்: எங்கள் சங்கத்துக் கணக்கு மாஸ்டர், எந்த மேடையிலும்.

லேம் டக். பதவி முடியப்போகிறவர். கதிரை இன்னும் அவருடையது, சொல்லை எவரும் கேட்பதில்லை. உ-ம்: கிடைக்கவில்லை. லண்டன் தமிழர் சங்கங்களில் இதுவரை யாருக்கும் பதவி முடிந்ததில்லை.

அப்பா இரண்டரைக்கு வந்தார். பெற்றோல் ஸ்டேசனில் காலை ஷிப்ட். மேல்சட்டை நனைந்து, நெஞ்சில் பெயர் எழுதிய பட்டி கழற்றாமல்.

"என்ன பிள்ளை படிக்கிறாய்?"

"படிப்பு முடிஞ்சுதப்பா. இது வேலை."

"வேலையெண்டாலும் படிப்பு வேலைதானே."

ரீவிக்கு மேலே என் பட்டச் சான்றிதழ், சட்டம் போட்டு. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் முதலாவது. பெற்றோல் அடிக்க வருகிறவர்களுக்கு அப்பா அதைப்பற்றிச் சொல்வாராம். மிச்சச் சில்லறையோடு சேர்த்துக் கொடுப்பாராம்.

பெப்ரவரி 7, சனி

குளிர், வெயில். ஹரோ. டொக்டர் அங்கிள் வீடு.

டொக்டர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைத் தலைவர். பதினொரு வருடமாக. நான் இரண்டு வருடமாக அவருக்குக் கூட்டக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். யாரும் தெரிவு செய்யவில்லை. கையெழுத்து வடிவு, வாய் இல்லை. அந்த வேலைக்கு வேண்டிய இரண்டு தகுதியும் இருந்தன.

அன்ரி கட்லெட் தந்தார். மூன்று. எண்ணி வைத்த மாதிரி.

"பிள்ளை அமெரிக்கன் கொன்ஸ்ரிரியூசன் படிச்சனீங்கள். எங்கடை சங்கத்தின்ரை யாப்பையும் ஒருக்காத் திருத்தித் தாங்கோ. ஒரு தரம் வேணும்."

தரம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினார். இப்போது சங்கத்தில் கடைக்காரரும் பெற்றோல் ஸ்டேசன்காரரும் கூடிவிட்டார்கள். ஜேர்மனியில் இருந்தும் பிரான்சில் இருந்தும் வந்து சேர்ந்தவர்கள். இந்த முறை பொதுக்கூட்டத்தில் ஒன்றாக நின்று வாக்குப் போடப்போகிறார்களாம்.

"நல்ல சனம். வஞ்சகமில்லாத சனம். ஆனா நாளைக்கு ஒரு அம்பாசடர் வந்தால் ஆர் கதைக்கிறது? சொல்லுங்கோ பார்ப்பம்."

இதுவரை எந்த அம்பாசடரும் வரவில்லை. நான் தலையாட்டினேன்.

அவருக்கு வேண்டியது: ஏழாம் பிரிவு, உட்பிரிவு ஆ. நிர்வாகக் குழுவுக்கு நிற்பவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சையான ஓ.எல். சித்தியடைந்தவராக இருக்கவேண்டும். உட்பிரிவு இ: திருத்தம் நிறைவேறிய கணத்திலிருந்து அமுல்.

கட்லெட் வாய்க்குள் இருக்கும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குப் போடாமல் தடுக்க வைத்த எழுத்தறிவுச் சோதனை. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. தரம் பற்றி மட்டும் இருக்கும். இரண்டாம் வருடத்தில் இதைப்பற்றி நான் எழுதிய கட்டுரைதான் என் மிகக் கூடிய புள்ளி.

கோபம் வரவில்லை. இதை எழுதிவைக்கவேண்டும். வந்தது சந்தோஷம். அட, இதை நான் படித்திருக்கிறேனே என்ற சந்தோஷம். தாவரவியல் படித்தவள் தெருவோரத்தில் ஒரு செடியைக் கண்ட மாதிரி.

"ஓம் அங்கிள்," என்றேன்.

கெரிமாண்டர். முடிவை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கு ஏற்றபடி தொகுதி எல்லையைக் கீறுவது. உ-ம்: இன்று, டொக்டர் வீட்டு வரவேற்பறை, கட்லெட்டுடன்.

பெப்ரவரி 11, புதன்

தூறல். யாப்பு ரைப் செய்து முடிந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். ஏழாம் பிரிவு நன்றாக வந்திருக்கிறது. சங்கத்தின் நன்மதிப்பைப் பேணும்பொருட்டு என்று ஒரு தொடக்கம் வைத்தேன். டொக்டர் கேட்காதது. நானாக வைத்தது.

பொதுக்கூட்டம் 29ஆம் திகதி ஞாயிறு. அறிவித்தல் கடிதங்கள் சாப்பாட்டு மேசையில். அப்பா உதவிக்கு வந்து உட்கார்ந்தார். கடிதம் மடிப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. நகத்தால் மூன்று தரம் இழுத்து, விளிம்பு கத்திபோல.

"இங்கிலீசிலை என்ன எழுதியிருக்கு?"

"யாப்புத் திருத்தம் அப்பா. பெரிய விசயமில்லை."

"நீயோ எழுதினது? முழுக்கவோ?"

"ஓம்."

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாசிக்கவில்லை. தாளின் தரத்தைப் பார்க்கிற மாதிரி. அவருடைய பெயர் எழுதிய கடிதமும் அதற்குள் இருந்தது. "இதை இப்பவே எடுங்கோ," என்றேன். "வேண்டாம், தபாலிலையே வரட்டும்," என்றார். முத்திரை ஒட்டி மற்றவற்றோடு சேர்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

பெப்ரவரி 15, ஞாயிறு

முகில். மீன்குழம்பு. குகன் அண்ணை வந்தார்.

குகன் அண்ணை பாரிசிலிருந்து வந்து இங்கே குழாய் வேலை செய்கிறவர். கதவுக்குள் வரும்போதே சத்தம் முன்னால் வரும்.

"நடராசா அண்ணை, இந்த முறை நீங்கள் உபதலைவருக்கு நிக்கிறியள். பேச்சில்லை. நாங்கள் எண்ணிப்போட்டம். எங்கடை ஆக்கள்தான் தொகை கூட."

அம்மா சிரித்தார். "இவரோ? இவர் கதிரை அடுக்கப் பிறந்தவர்."

"அதுதான் அக்கா. இத்தனை வருசம் கதிரை அடுக்கினவர் ஒருக்கா அதிலை இருக்கட்டுமன்."

அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரைக்குக் காசு சேர்த்தவர், யாருக்குச் சாவு வந்தாலும் முதலில் போய் நிற்பவர், ஆனால் ஒருநாளும் எதற்கும் பெயர் கொடுக்காதவர். அவர் மீன்முள்ளைப் பீங்கான் ஓரத்தில் வைத்தார். இன்னொரு முள்ளை அதற்கு நேராக வைத்தார்.

"எல்லாரும் கேட்டால்... ஓம். நிண்டு பார்ப்பம்."

முகத்தில் ஒரு வெட்கம். பெண் பார்க்க வந்த வீட்டில் போல.

கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி. அப்பா, நீங்கள் ஓ.எல். பாஸோ? நான்கு சொல். தமிழில்.

கேட்கவில்லை. குகன் அண்ணைக்குக் குழம்பு விட்டேன்.

பெப்ரவரி 19, வியாழன்

கல்லூரியில் ஒன்பது அட்டை முடிந்தது. லொபி, விப், போர்க் பரல், இத்யாதி. மிஸஸ் வ. மகிழ்ச்சி: "உனக்கு இதில் ஒரு கொடூரமான திறமை இருக்கிறது." பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

வாங்க: நீல மை, அம்மாவின் மாத்திரை, அப்பாவின் கோட்டுக் கைக்கு ஒரு தெறி, கறுப்புப் பட்டன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

காற்று. குளியலறைக்குள் அப்பா பேச்சுப் பழகுகிறார். கதவுக்கு இந்தப் பக்கம் முழுக்கக் கேட்கும்.

"பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே... பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய..."

தண்ணீரைத் திறக்கிறார். மூடுகிறார். மறுபடியும் தலைவர் அவர்களே.

சரி. எழுதிவிடுகிறேன்.

2001இல் அப்பா பெரிய கடை ஒன்றின் களஞ்சியத்தில் வேலைக்கு விண்ணப்பித்தார். படிவம் நிரப்பியது நான். கல்வித் தகைமை என்று ஒரு பெட்டி. "என்ன போட அப்பா?" "ஒண்டுமில்லை எண்டு போடு." ஒரு கோடு கீறினேன். மேலே எதுவும் கேட்கவில்லை. கோடு நேராக வந்ததா என்று மட்டும் பார்த்தேன்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று இந்தக் கொப்பிக்குக்கூட நான் சொல்ல ஏலாது. டொக்டர் வீட்டில் அந்தக் கோடு நினைவுக்கு வரவில்லை. 15ஆம் திகதி மீன்முள் நேராக வைத்தபோது வந்தது.

ஏன் இன்னும் சொல்லவில்லை? சாட்டுகள்: டொக்டருக்குப் பயம். அப்பாவுக்கு வெட்கமாகிவிடும். குகன் அண்ணை சத்தம் போடுவார்.

சாட்டு இல்லாதது: போன வருடப் பட்டமளிப்பு விழா. அப்பா புதுக் கோட் போட்டுக்கொண்டு என் பேராசிரியரிடம் போய், "சேர், மை டோட்டர், ஹவ் மெனி மார்க்?" என்று கேட்டார். இரண்டு கைகளாலும் அவருடைய ஒரு கையைப் பிடித்துக்கொண்டு. நான் அப்போது மூன்று அடி தள்ளிப் போய் நின்றேன். படத்தில் இருக்கிறது, அந்த இடைவெளி. அந்தக் கோட்டோடு அவர் மேடையில் ஏறி, டொக்டரின் பிள்ளைகளுக்கு முன்னால், பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் என்று தொடங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை.

ஒரு சட்டம் அதைத் தடுக்குமென்றால் தடுக்கட்டும். நான் இல்லையே, சட்டம்தானே. தென்மாநிலங்களில் வாக்காளரைப் பதிந்த எழுத்தர்மார் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். என் கட்டுரையில் இதை நான் எழுதவில்லை. அப்போது எனக்கு இது தெரியாது.

பெப்ரவரி 29, ஞாயிறு

கடும் குளிர். கிங்ஸ்பரியில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். எழுதக் கை வருகிறதில்லை. ஒழுங்காக எழுதுகிறேன், கூட்டக் குறிப்புப் போல.

1. அப்பா காலையிலேயே போய்க் கதிரை அடுக்கினார். தேத்தண்ணி வைத்தார். பிறகு கழுவுகிற இடத்தில் கை முகம் கழுவி, கோட் போட்டு, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். டொக்டரின் மகள் காதில் வயரோடு வந்து, "அங்கிள், டீ இன்னும் இருக்கா?" அப்பா எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

2. மௌன அஞ்சலி. பாடசாலைக் கீதம். எல்லோருக்கும் முதல் நான்கு வரி. மிச்சம் அப்பாவுக்கு மட்டும் பாடம். தனியாக அவருடைய குரல்.

3. யாப்புத் திருத்தம். டொக்டர் ஆங்கிலத்தில் வாசித்தார். வேகமாக, மருந்துச்சீட்டு எழுதுகிற மாதிரி. பாதிச் சனத்துக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று எந்தத் தமிழர் கூட்டத்திலும் யாரும் கை தூக்கியதில்லை. கடிதத்தில் வந்ததையும் யாரும் வாசித்திருக்கவில்லை. குகன் அண்ணை பின்னால் தேநீரோடு கொடுக்க வந்த பற்றிஸ் எண்ணிக்கொண்டிருந்தார்.

வாசித்து முடித்துத் தமிழுக்கு வந்தார்.

"இவ்வளவு திறமான யாப்பை எழுதினது ஆர் தெரியுமோ? எங்கடை நடராசாவின்ரை மகள். டிகிரிக்காரி. எழும்புங்கோ பிள்ளை."

எழும்பினேன். கைதட்டல். அப்பா எல்லோரிலும் அதிகம் தட்டினார். தட்டி முடித்தும் இரண்டு தட்டு.

"நான் முன்மொழியிறன். ஆரும் வழிமொழியுங்கோ."

மூன்றாம் வரிசையில் கை. புதுத் தெறி தைத்த கை.

"நான் வழிமொழியிறன், டொக்டர்."

என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

டொக்டரும் என்னைப் பார்த்தார். அரை நொடி. அவரும் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "குறிப்பிலை போடுங்கோ பிள்ளை. வழிமொழிந்தவர் திரு. நடராசா."

போட்டேன்.

கை உயர்த்தி வாக்கெடுப்பு. ஏகமனதாக நிறைவேறியது.

4. தெரிவு. தலைவர் பழையபடி டொக்டர். உபதலைவர்: குகன் அண்ணை எழும்பி, "நடராசா அண்ணையை முன்மொழியிறன்!" பின்வரிசை முழுக்க ஆரவாரம், விசில் ஒன்று.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"சந்தோசம். ஆனா இப்பதான் நாங்கள் ஒரு யாப்பு நிறைவேற்றினது. நடராசா, ஓ.எல். சேர்ட்டிபிக்கற் இருக்குத்தானே?"

"அது... ஊரிலை... சண்டையிலை வீடு எரிஞ்ச நேரம்..."

"அதுக்கென்ன, எல்லாருக்கும் எரிஞ்சதுதானே. எந்த வருசம் எடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ, அது போதும்."

அப்பா எழும்பி நின்றார். எழும்பத் தேவையில்லை. யாரும் எழும்பச் சொல்லவில்லை. வகுப்பில் கேள்வி கேட்டால் எழும்புகிற மாதிரி எழும்பினார்.

"நான் எடுக்கேல்லை, ஐயா. எட்டோட விட்டனான்."

ஐயா என்றார். டொக்டர் அவரைவிட மூன்று வயது இளையவர்.

குகன் அண்ணை: "இதென்ன சட்டம்? ஆர் இதைக் கொண்டந்தது?"

டொக்டர், மிகவும் அன்பாக: "தம்பி, நடராசாவே வழிமொழிஞ்ச சட்டம். மகளே எழுதினது. நான் என்ன செய்ய?"

அப்போதுதான் சிரிப்பு. முதலில் முன்வரிசை, பிறகு நடு. பின்வரிசையிலும் சிலர், முன்னால் சிரிப்பதால். ஒரு குரல்: "தன்ரை கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுட்டார்." ஒரு அன்ரி: "பாவம், விடுங்கோப்பா," என்று சொல்லி வாயைப் பொத்தினார். சொல்வதற்கு அல்ல, சிரிப்புக்கு.

"கவலைப்படாதேங்கோ நடராசா," என்றார் டொக்டர். "சாப்பாட்டுக் குழுவுக்கு ஓ.எல். தேவையில்லை. அதுக்கு நீங்கள்தான் நிரந்தரத் தலைவர்."

கைதட்டல்.

அப்பா சிரித்தார். கும்பிட்டார். உட்காரப் பார்த்து, கதிரை பின்னுக்குத் தள்ளுப்பட்டிருந்ததால் ஒருகணம் தடுமாறி, பிடித்து உட்கார்ந்தார். கோட்டின் உட்பையில் பேச்சு எழுதிய தாள். மடித்தது தெரியும், வெள்ளை விளிம்பு, கத்திபோல. விரலால் அதை உள்ளே தள்ளினார்.

நான் எழுதினேன்: திரு. நடராசாவின் பெயர் பிரிவு 7(ஆ) இன்படி நிராகரிக்கப்பட்டது.

5. நன்றியுரை. தேநீர் விருந்து. அப்பா பரிமாறினார்.

மார்ச் 1, திங்கள்

கல்லூரி. மிஸஸ் வ. கொடுத்த பட்டியலில் அடுத்த சொல் எழுத்தறிவுச் சோதனை. வரைவிலக்கணம் மூன்று வரி. உதாரணத்துக்குக் கீழே வெற்றிடம். "இது நீ நன்றாகச் செய்வாய் என்று நினைத்தேனே?" என்றார். தலையிடி என்றேன்.

கிரான்ட்ஃபாதர் கிளோஸ். சோதனை வைத்தால் படிக்காத வெள்ளைக்காரரும் தோற்பார்களே. அதற்காக ஒரு வழி: பாட்டன் முன்பு வாக்குப் போட்டிருந்தால் பேரனுக்குச் சோதனை இல்லை. அவர்கள் தங்கள் ஆட்களை எப்படிக் காப்பாற்றினார்கள் என்று பார். எத்தனை பேரை நினைத்து, எத்தனை கவனமாக. நான் ஒரே ஒரு ஆளுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். ஏற்கெனவே பத்து வருடம் உறுப்பினராக இருப்பவர் தவிர. ஆங்கிலத்தில் ஆறேழு சொல்.

வீட்டில் அம்மா என்னோடு கதைக்கிறதில்லை. ஒரே ஒரு வசனம், சோறு போடும்போது: "உன்ரை எழுத்து வடிவு எண்டு எல்லாரும் சொல்லுவினம்."

அப்பா ஷிப்டுக்குப் போய் வந்தார். இன்றைக்கு இரண்டு பேர் பெற்றோல் அடிக்க வந்து, "என்ன உபதலைவர், எப்பிடிச் சுகம்?" என்று கேட்டார்களாம். அம்மா தொலைபேசியில் சித்திக்குச் சொன்னது. அப்பா எனக்குச் சொன்னது: "மழை வரப்போகுது போலை. குடை கொண்டு போங்கோ."

போங்கோ. இருபத்திரண்டு வருடமாக நான் 'நீ'. இன்று அவர் எனக்கு மரியாதை தருகிறார்.

மார்ச் 4, வியாழன்

மழை. டொக்டர் தொலைபேசியில்.

"குறிப்பு முடிஞ்சுதோ பிள்ளை? ஒரு சின்ன விசயம். பழைய யாப்பின்படி திருத்தத்துக்கு இருபத்தொரு நாள் முன்னுக்கு அறிவிக்கவேணும். குகன் ஆரோ வக்கீலிட்டைப் போறானாம். கடிதம் போட்ட திகதியை ஏழாந்திகதி எண்டு போட்டுவிடுங்கோ."

"பதினோராந்திகதிதான் அங்கிள் போட்டது."

"தெரியும். அதுதானே சொல்லுறன்."

என் மௌனத்தை அவர் எப்போதும் ஓம் என்று எடுத்துக்கொள்வார். பதினொரு வருடத் தலைவர், தெரியாதா.

"மாஸ்ரேஸுக்கு அப்ளை பண்ணுறியள் எண்டு அப்பா சொன்னவர். நான் நல்ல ரெபரன்ஸ் கடிதம் ஒண்டு தாறன்."

வைத்துவிட்டார்.

பதினொன்றிலிருந்து இருபத்தொன்பது: பதினெட்டு நாள். கூட்டமே செல்லாது. திருத்தம் செல்லாது. ஏழு ஆ செல்லாது. மறுபடி கூட்டவேண்டும், மறுபடி தெரிவு. திகதியை உள்ளபடி எழுதினால் போதும். என் கையில் இருக்கிறது. என் கையில் ஏதாவது இருப்பது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

மார்ச் 6, சனி

வெயில். அம்மா கோவிலுக்கு. அப்பாவுக்கு லீவு. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சொன்னேன். பதினெட்டு நாள், இருபத்தொரு நாள், எல்லாம். வேகமாக, மூச்சு விடாமல்.

"நான் உண்மைத் திகதி போடுறன் அப்பா. எல்லாம் இல்லாமல் போகும். நீங்கள் திரும்ப நிக்கலாம்."

"எல்லாம் இல்லாமல் போகுமோ?"

"ஓம் அப்பா. சட்டப்படி."

இன்னொரு வெங்காயம் எடுத்தார். வால் வெட்டினார். தலை வெட்டினார்.

"நான் எட்டோட விட்டனான் எண்டது இல்லாமல் போகுமோ?"

வெங்காயத் தோலை ஒரு பக்கம் ஒதுக்கினேன். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

"ஊரிலை என்னோட படிச்ச ஆக்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லை பிள்ளை. அம்மாவுக்குத் தெரியும். இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாமல் வைச்சிருந்தன். இப்ப ஹரோ டொக்டர்மாருக்கும் தெரியும், மிச்ச ஆக்களுக்கும் தெரியும். டொக்டர் சொன்ன திகதியையே போடுங்கோ. உங்களுக்கு அந்தக் கடிதம் தேவை."

உங்களுக்கு.

மார்ச் 7, ஞாயிறு

முகில், காற்று இல்லை. காலை பதினொரு மணி.

குறிப்பில் பதினோராந்திகதி என்றே எழுதி டொக்டருக்குத் தபாலில் போட்டேன். ஒரு பிரதி குகன் அண்ணைக்கு. ரெபரன்ஸ் வராது. அப்பாவிடம் கேட்கவில்லை. இது நியாயமா, இன்னொரு தரம் அவரை அந்த மண்டபத்தில் எழுப்பி நிறுத்துகிற வேலையா, தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அவர் பின்வளவில் உடுப்புக் காயவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சொன்னேன்.

"அப்பா, அந்தக் களஞ்சிய வேலைப் படிவம் நான்தான் நிரப்பினனான். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் உங்களுக்குச் சொல்லேல்லை."

சட்டையை உதறினார். தோள் பக்கம் பார்த்துக் கிளிப் போட்டார்.

"உங்களுக்குத் தெரியுமெண்டு எனக்குத் தெரியும். அந்தக் கோடு நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான்."

"பின்னை ஏன் வழிமொழிஞ்சனீங்கள்? என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

இன்னொரு கிளிப். வாயில் ஒன்றை வைத்திருந்தார், அதை எடுத்த பிறகுதான் பேசினார்.

"நீங்கள் எழுதினதிலை எனக்கு எதிராய் என்ன இருக்கப்போகுதெண்டு நினைச்சன்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி. பிறகு, "தேத்தண்ணி போட்டு வைச்சிருக்கு, குடியுங்கோ," என்றார். வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அம்மா ஒரே வசனத்தில் ஏசிவிட்டார். குகன் அண்ணை கூட்டம் முடிந்த இரவே தொலைபேசியில் கத்திவிட்டார். பரவாயில்லை. அவர் மட்டும் ஏசவில்லை. இன்று மூன்று தரம் அவருக்குப் பின்னால் போய் நின்று, மூன்று தரமும் கேட்காமல் திரும்பி வந்தேன். கேட்கவேண்டியது இவ்வளவுதான்:

அப்பா, என்னை நீ எண்டு சொல்லி ஒருக்கா ஏசுங்கோ.